கோவிந்தராசுவிடம் கேட்காத கேள்வி

கோடை லீவு விட்டதும் கூடப் படித்தவனெல்லாம் ஊருக்குப் போய் மாம்பழம் தின்றுகொண்டிருக்க, டாக்டருக்குப் படிக்கும் ஜானகிராமன் மட்டும் ஆஸ்பத்திரியில் மூளை நரம்பு வார்டே கதியென்று கிடந்தான். யாரும் பிடித்துத் தள்ளவில்லை, தானே கேட்டு வாங்கிக்கொண்ட வம்பு. பெரிய டாக்டர் பிரான்சில் படித்தவர், ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் முசே என்றால்தான் அவருக்குப் பிடிக்கும். முசே, முசே என்று அவர் பின்னால் அலைந்தால், மண்டையைத் திறக்கும்போது ஒரு நாளாவது பக்கத்தில் நிற்க விடுவார் என்று நப்பாசை. விட்டாரா? கண்ணில் டார்ச் அடி, நாடி பிடி, போ. அவ்வளவுதான்.

ஜன்னலோரக் கட்டிலில் கோவிந்தராசு கிடந்தார். மில்லில் தறி ஓட்டுகிறவர். தறியடியிலேயே சுருண்டு விழுந்ததிலிருந்து கை, கால், வாய் எதுவும் அசையவில்லை. கஞ்சி மூக்குக் குழாயில் போயிற்று. கண் மட்டும் திறந்தபடி இருந்தது. நினைவே இல்லை, இனி வராது என்று முசே கையை விரித்துவிட்டார். உடனே அண்ணன் அம்மாவாசை வண்டி பேசிவிட்டார். உயிர் வீட்டில் போகணும், சொந்தபந்தம் கூடி வாயில் பால் ஊத்தணும், அநாதையா இவன்? அவர் சொல்வதும் நியாயந்தான். ஆனால் விழுங்க முடியாத தொண்டையில் பால் இறங்கினால் அன்றைக்கே மூச்சு அடைத்துவிடும்.

வண்டி வாசலில் நிற்கும்போது ஜானகிராமன் கடைசியாக டார்ச் அடித்தான். "மேல பாருங்க" என்று வாய்ப் பழக்கத்தில் சொன்னான். கண் மேலே போயிற்று.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆமான்னா மேல பாருங்க. உங்க பேரு கோவிந்தராசுவா?" மேலே போயிற்று. "நான் உங்க மச்சானா?" அசையவில்லை. அடப்பாவி மனுஷா, இத்தனை நாளும் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா கிடந்தே!

ஓடிப்போய் முசேவை இழுத்து வந்தான். முதலில் எரிந்து விழுந்தவர், தானே நாலு கேள்வி கேட்டுப் பார்த்துவிட்டு வண்டியை அனுப்பிவிடச் சொன்னார். வண்டி திரும்பிப் போயிற்று. கோவிந்தராசுவின் மனைவி அஞ்சலாட்சி, "எங்கொலசாமி நீதாம்பா" என்று ஜானகிராமன் காலில் விழப்போனாள். மறுநாள் முசே அவனை ஆபரேஷன் அறைக்குள் நிற்க விட்டார். பையன் தரையிலேயே நடக்கவில்லை.

அதோடு ஆரம்பித்தது கூத்து. டாக்டர்கள் வந்தார்கள், நர்சுகள் வந்தார்கள். இது பகலா, இவ உங்க பொண்டாட்டியா, உங்களுக்கு ரெண்டு கையா? கண் மேலே போகும், ஆகா என்பார்கள், போய்விடுவார்கள். முதுகு புண்ணாகிச் சீழ் வைத்தது. ஜன்னலில் அனல் அடித்தது. மூக்கில் ஈ உட்கார்ந்தால் யாராவது வந்து ஓட்டுகிறவரைக்கும் உட்கார்ந்தே இருந்தது. ஒரு விரல்கூட அசையவில்லை.

லீவு முடிகிற அன்று ஜானகிராமன் விடைபெற வந்தான். முகத்திலிருந்த ஈயை ஓட்டினான். அப்புறம்தான் அந்தப் புத்தி வந்தது, இத்தனை கேள்வியில் இவருக்கு என்ன வேணுமென்று ஒரு நாய்கூடக் கேட்கவில்லையே என்று.

"வலிக்குதாண்ணே?"

மேலே.

"வீட்டுக்குப் போகணுமா?"

மேலே.

"போனா பால் ஊத்திடுவாங்க. மூச்சு நின்னுடும். தெரியுமில்ல?"

மேலே.

"அன்னிக்கே... வண்டி வந்தப்பவே போகணும்னு இருந்தீங்களா?"

கண் மேலே போயிற்று. கீழே இறங்கவேயில்லை.

அஞ்சலாட்சி ஈரத்துணியோடு உள்ளே வந்தாள். நெற்றியில் புது விபூதி. "இன்னா தம்பி கேட்டே? இன்னா சொல்றாரு?"

"ஒண்ணுமில்லக்கா, சும்மா பேசிக்கிட்டிருந்தோம்" என்றான் ஜானகிராமன்.

கோவிந்தராசு கண்ணை இறக்கி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.