பாக்கெட் அக்காவின் கால்கள்

கண்ணாடி மாதிரி வழவழவென்று கிடந்த தரையைப் பார்த்ததும் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே புத்திதான் வந்தது. வாசலிலேயே செருப்பைக் கழற்றி, ஜோடி ஜோடியாகச் சுவரோரம் ஒதுக்கி வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே நுழைந்தார்கள். அது மாடி மாடியாக விளையாட்டு மெஷின்கள் அடைந்து கிடந்த கூடம். இரவு பத்து மணிக்குத்தான் அங்கே பொழுதே விடிகிறது போலிருந்தது. தலையில் பூனைக்காது, முதுகில் காகித இறக்கை, இடுப்பில் அட்டைக் கத்தி என்று கார்ட்டூன் படத்திலிருந்து நேரே இறங்கி வந்தமாதிரி பிள்ளைகள் திரிந்தார்கள். காவலாளி செருப்புகளையும் இவர்கள் கால்களையும் மாறி மாறிப் பார்த்து என்னவோ சொன்னான். "பத்திரமா பாத்துக்கப்பா, புதுசு" என்று தமிழிலேயே பதில் சொல்லிவிட்டு பட்டன் முன்னால் நடந்தாள்.

பட்டன் என்பது அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. சட்டைக் கம்பெனியில் யார் எதைத் தைக்கிறார்களோ அதுதான் பெயர். பட்டன் வைப்பவள் பட்டன், காலர் தைப்பவள் காலர், மூவரில் மூத்தவள் பாக்கெட் அக்கா. பட்டனின் மகளுக்கு கடல் தாண்டி இந்த வெளிநாட்டு ஊரில் வேலை. பத்து நாள் வந்து தங்கிவிட்டுப் போங்கள் என்று அழைத்திருந்தாள். கோபுரம், மியூசியம், பழைய ராஜா வீடு என்று ஒரு பட்டியலும் எழுதிக் கொடுத்திருந்தாள். "செத்தவங்க சாமானைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று பட்டன் அதை மடித்துப் பையில் போட்டுவிட்டாள். அவளுக்கு, இந்த ஊர்ப் பையன்கள் ஐந்து பேர் ஆடிப்பாடும் ஒரு கோஷ்டி மேல் பைத்தியம். எவன் எந்த மாதம் தலைமுடிக்கு என்ன சாயம் அடித்தான் என்பது வரை அத்துப்படி. அந்தப் பாட்டுக்கெல்லாம் இங்கே நாமே ஆடலாம் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவள் கால் தரையில் நிற்கவில்லை.

பாக்கெட் அக்காவுக்கு மட்டும் மனசு எதிலும் ஒட்டவில்லை. கிளம்புவதற்கு முதல் நாள் சூப்பர்வைசர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை அவள் இவர்களிடம் இன்னும் வாய்திறக்கவில்லை. "அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க கால் வேகம் இப்ப பத்தல, அம்பது ஆச்சுல்ல. வந்ததும் பிசிறு வெட்டுற மேசைக்குப் போயிடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சரின்னு ஒரு வார்த்தை அனுப்பிடுங்க, மெஷினுக்கு ஆள் போடணும்." பிசிறு மேசை என்றால் நாள் முழுக்க நின்றுகொண்டு, மற்றவர்கள் தைத்து அனுப்பிய சட்டைகளில் தொங்கும் நூலைக் கத்தரிப்பது. அங்கே போனவர்கள் யாரும் மறுபடி மெஷினில் உட்கார்ந்ததில்லை. இன்றைக்குத்தான் வெள்ளி. காலையிலிருந்து மூன்று முறை போனை எடுத்து 'சரி' என்று அடித்து, மூன்று முறையும் அழித்திருந்தாள்.

ஆட்டமெஷின் கூடத்தின் நடுவில் இருந்தது. எதிரே பெரிய திரை, தரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேடை. ஒவ்வொன்றிலும் நாலு திசைக்கு நாலு அம்புக்குறிக் கட்டம். திரையில் கீழிருந்து அம்புகள் வரிசையாக ஏறி வரும். மேலே இருக்கும் கோட்டை எந்த அம்பு தொடுகிறதோ அந்தக் கட்டத்தை அதே நொடியில் மிதிக்க வேண்டும். பச்சை முடிக்காரி ஒருத்தி குதித்துக் குதித்து ஆடி எல்லோரையும் தோற்கடித்துக்கொண்டிருந்தாள். பட்டன் ஏறினாள், அரை நிமிஷத்தில் இறங்கினாள். காலர் ஏறியதும் இறங்கியதும் தெரியவில்லை. "நீ போக்கா, மானத்தைக் காப்பாத்து" என்று இரண்டு பேரும் அக்காவைத் தள்ளிவிட்டார்கள். அவள் குனிந்து தன் காலையே பார்த்துப் பார்த்து மிதித்தாள். மிதித்ததெல்லாம் பிந்திப்போனது. திரை சிவப்பாகி அணைந்தது, யாரோ சிரித்தார்கள். சூப்பர்வைசர் சொன்னது நிஜம்தானோ, என் கால் போயே போய்விட்டதோ என்று நினைத்தாள்.

இறங்கத்தான் திரும்பினாள். அப்போதுதான் தப்பு எங்கே என்று பொட்டில் அடித்த மாதிரி புரிந்தது. அடிப்பாவி, பார்க்கிற இடமல்லவா தப்பு! தையல் லைனுக்குப் புதிதாக வரும் பெண்களுக்கெல்லாம் முதல் நாளே அவள் வாய் ஓயாமல் சொல்வது இதுதானே: ஊசியைப் பார்க்காதே, ஊசிக்கு ரெண்டு விரக்கடை முன்னால் வரப்போகும் துணியைப் பார், காலை அதன்பாட்டுக்கு விடு. "இன்னொரு வாட்டி போடுடி" என்றாள். இந்தமுறை காலையும் பார்க்கவில்லை, கோட்டையும் பார்க்கவில்லை. கீழே அப்போதுதான் முளைக்கிற அம்புகளை மட்டும் பார்த்தாள். குதிக்கவும் இல்லை. மெஷின் பெடலை அழுத்துவதுபோல் முன்பாதத்தில் ஒன்று, குதிகாலில் ஒன்று, அவ்வளவுதான். இடுப்புக்கு மேலே அவள் சும்மா நிற்பது போலத்தான் தெரிந்தது. கீழே வெறுங்கால் இரண்டும் தடதடவென்று ஓடின. பாட்டு முடிந்தபோது திரையில் பொன்னிறத்தில் பூ உதிர்ந்தது. பட்டன் தன் ஐந்து பையன்களையும் மறந்துவிட்டு, "ஐயோ அக்கா!" என்று அலறினாள்.

பச்சை முடிக்காரி பக்கத்து மேடையில் வந்து நின்று, வருகிறாயா என்று புருவத்தால் கேட்டாள். முதல் ஆட்டம் அவளுக்கு. இரண்டாவதும் அவளுக்குத்தான், ஆனால் மயிரிழையில். மூன்றாவதில் அவள் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஏறினாள். அதற்கே காலர் விசிலடித்தாள். மூன்றாவது அக்காவுக்கு. நாலாவது பாட்டு பேய் வேகம். பூனைக்காதும் காகித இறக்கையும் சுற்றி நின்று கைதட்ட, அக்காவின் முதுகில் ரவிக்கை தொப்பலாக நனைந்துவிட்டது. ஓர் அம்புகூடத் தப்பவில்லை. ஓர் அம்புகூட! பச்சை முடிக்காரி வந்து அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கியேவிட்டாள்.

அக்கா மேடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "என் கால் வேகம் பத்தலன்னு சொன்னான்டி அந்தப் பய. பிசிறு மேசைக்குப் போன்னு சொன்னான். நானும் சரின்னு சொல்ல இருந்தேன்."

"யாரு, சூப்பர்வைசரா?" காலரின் முகம் மாறியது. "இத்தனை நாளா நெஞ்சுல வச்சுக்கிட்டா எங்ககூடச் சுத்துன? போனை எடுக்கா. இப்பவே சொல்லு."

சுற்றிலும் இரைச்சல் காதைப் பிளந்தது. அக்கா போனை வாயருகே வைத்து, பதிவு செய்யும் பொத்தானை அழுத்திக்கொண்டு கத்தினாள்: "தம்பி, நான் மேசைக்கு வரல. திங்கக்கிழமை வாட்சைக் கையில வச்சுக்கிட்டு என் பக்கத்துல வந்து நில்லு. நான் தைக்கிறேன், நீ எண்ணு. அதுவரைக்கும் என் மெஷின்ல எவளாவது உக்காந்தா எனக்குக் கெட்ட கோவம் வரும், ஆமா!" சொல்லி முடித்த கையோடு அனுப்பிவிட்டாள்.

பச்சை முடிக்காரி அவள் தோளைத் தட்டித் திரையைக் காட்டினாள். அந்தப் பாட்டுக்கு இன்றைய முதலிடம் இவளுக்காம். பெயர் போட மூன்று கட்டம் காலியாகத் துடித்துக்கொண்டிருந்தது. எழுத்தெல்லாம் இந்த ஊர் எழுத்து, எண்கள் மட்டும் தெரிந்தவை. "என்ன போடுவக்கா?" என்றாள் பட்டன். அக்கா யோசிக்கவே இல்லை. இருபத்திரண்டு வருஷமாகத் தான் உட்காரும் மெஷினின் நெற்றியில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும் எண்ணை, அம்புக் கட்டங்களைக் கால் விரலால் அமுக்கி அமுக்கி ஒவ்வொன்றாகத் திரையில் கொண்டுவந்தாள். பட்டியலின் உச்சியில், மற்ற எல்லாப் பெயர்களுக்கும் மேலே, 127 என்று எரிந்தது.