வாலுவுக்கென்று சொன்ன படகு

அவர் லிஃப்ட் மெக்கானிக். வயது ஐம்பத்தொன்று. மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்புக்குப் போகும் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் ஒரு கடை இருந்தது. அதைப் பொம்மைக்கடை என்று சொன்னால் கடைக்காரருக்குக் கோபம் வரும். அங்கே வருகிறவர்கள் எல்லாம் தலை நரைத்தவர்கள், தொந்தி விழுந்தவர்கள். ரயில் என்ஜினையும் விமானத்தையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் யாரும் இல்லாதபோது விலை கேட்பார்கள்.

கண்ணாடி அலமாரியின் இரண்டாவது தட்டில் ஓர் இழுவைப் படகு இருந்தது. துறைமுகத்துக்குள் பெரிய கப்பல்களை இழுத்து வருமே, அதன் சின்ன உருவம். முழங்கை நீளம். அடிப்பாகம் சிவப்பு, மேலே வெள்ளை. ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், இன்னொன்றை அழுத்தினால் கனத்த குரலில் ஹாரன் அடிக்கும். லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று இரும்புக் கயிற்றுக்குக் கிரீஸ் போட்டுவிட்டு, கையைத் துடைத்தபடி கீழே வந்து அதைப் பார்ப்பார். ஒரு வருடம் பார்த்தார். பதின்மூன்றாவது மாதம் ஓவர்டைம் பணம் கையில் இருந்தது. வாங்கிவிட்டார்.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரும்போதே வீட்டு ஞாபகம் வந்தது. வீட்டில் வாஷிங் மெஷினின் அடியில் தண்ணீர் ஒழுகுகிறது. மனைவி அங்கே ஒரு பேசினை வைத்து, நிரம்ப நிரம்ப எடுத்து ஊற்றுகிறாள். புதுசு வாங்கலாம் என்று அவளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார். அவள் மருந்துக்கடை வேலையிலிருந்து திரும்ப ஏழு மணி ஆகும். அதற்குள் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட வேண்டும் என்பதுதான் அவர் போட்ட கணக்கு.

அன்றைக்குப் பார்த்து அவள் சீக்கிரம் வந்திருந்தாள். கதவைத் திறந்ததும் அவள் கண் நேராகப் பெட்டிக்குத்தான் போனது.

"என்னங்க இது? படகா? யாருக்கு?"

எனக்கு என்று சொல்ல இரண்டு நொடி போதும். அந்த இரண்டு நொடியில் அவர் வாயிலிருந்து வந்தது வேறு.

"வாலுவுக்கு. அடுத்த வாரம் பிறந்தநாள் வருதுல்ல."

வாலு அவருடைய தங்கை மகள். ஒன்பது வயது முடிகிறது. ஒரு இடத்தில் உட்காராத பிள்ளை என்பதால் அந்தப் பெயர். பேர் சொன்ன பிறகுதான் தான் எதில் கையை வைத்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. தங்கையோடு அவருக்குப் பேச்சுவார்த்தை நின்று ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

அப்பா கடைசி நாலு வருடமும் தங்கை வீட்டில்தான் இருந்தார். தங்கை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள், அவள் கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். வேலைக்கும் போய், பிள்ளையையும் பார்த்து, அப்பாவையும் அவளே கவனித்தாள். ஒரு நாள் காலையில் அப்பாவுக்கு நெஞ்சு இறுக்கியது. சாயங்காலம்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இவர் ஓடி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரி நடையில், சொந்தக்காரர்கள் சூழ நிற்கும்போது, தங்கையைப் பார்த்துக் கேட்டார்: "ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கிறே. நெஞ்சுவலின்னா என்னன்னு தெரியாதா உனக்கு? காலையிலேயே கூட்டிட்டு வந்திருந்தா அப்பா இருந்திருப்பாரே!"

அதோடு அவள் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

"ஒரு போன் பண்ணுங்க, கூடப் பிறந்தவதானே" என்று மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தாள். இப்போது பெட்டியைப் பார்த்த அவள் கண்கள் கலங்கிவிட்டன.

"எனக்குத் தெரியும்ங்க, உங்களுக்கு மனசு கேக்காதுன்னு" என்றாள்.

அவர் குளித்துவிட்டு வருவதற்குள் அவள் போனில் பேசி முடித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, பூங்காக் குளத்தருகே. தங்கை ஒப்புக்கொண்டாளாம். "பேசும்போது அவ குரலே மாறிப்போச்சுங்க" என்றாள் மனைவி.

சனிக்கிழமை மனைவி வேலைக்குப் போனதும் அவர் பெட்டியை எடுத்தார். சரியாக ஓடுகிறதா என்று பார்த்துத்தானே கொடுக்க வேண்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஒட்டியிருந்த டேப்பைக் கத்தியால் நோகாமல் கிழித்தார். துணி அலசும் பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் படகை விட்டார். படகு இரண்டு முழம் போவதற்குள் சுவரில் முட்டியது. பின்னால் எடுத்தார், திருப்பினார், மறுபடியும் முட்டியது. ஹாரன் அடித்தார். குளியலறையில் அந்தச் சத்தம் முழங்கியதும், யாரோ கேட்டுவிட்டது போலத் திரும்பிப் பார்த்தார். பேட்டரி தீரும்வரை அந்தத் தொட்டியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு துண்டால் ஈரம் போகத் துடைத்து, சார்ஜ் போட்டு, பழைய மடிப்பிலேயே பெட்டிக்குள் வைத்து டேப் ஒட்டினார். பிள்ளைக்குக் கொடுக்கப்போவதை முந்திக்கொண்டு விளையாடிவிட்டோம் என்ற கூச்சம் ஒரு பக்கம். கொடுக்க மனமில்லை என்பது இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரிய அசிங்கம் என்று அவருக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு பூங்காவுக்குப் போனவருக்குத் தங்கையைப் பார்த்ததும் திக்கென்றது. முன்நெற்றி முழுக்க நரைத்திருந்தது. "வா" என்றார் இவர். "நல்லா இருக்கியா அண்ணா" என்றாள் அவள். நல்ல வேளையாக வாலு பெட்டியைக் கிழிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"மாமா, இது நிஜமா ஓடுமா?"

"ஓடும்டா கண்ணு. இதை முன்னால தள்ளு. இது திரும்புறதுக்கு."

அவள் ஐந்து நிமிடம் ஓட்டினாள். கரையிலிருந்த வாத்துகளைத் துரத்தினாள். வாத்துகள் ஓடிப்போனதும் அவளுக்குப் படகில் சுவை போய்விட்டது. "ரொம்ப மெதுவாப் போகுது மாமா" என்று ரிமோட்டை அவர் கையில் திணித்துவிட்டு, அத்தையை ஐஸ்கிரீம் வண்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

படகு குளத்தின் நடுவில் நின்றிருந்தது. கரைக்குக் கொண்டுவரத்தான் அவர் விசையைத் தொட்டார். ஆனால் அங்கே சுவர் இல்லை. தண்ணீர் விரிந்து கிடந்தது. ஒரு வட்டம் அடித்தார். முன்னால் மிதந்த ஒரு காய்ந்த மட்டையை மூக்கால் மெல்லத் தள்ளி, கரைப்பக்கம் திருப்பி, அது விலகிப் போனதும் விடாமல் சுற்றி வந்து மறுபடியும் தள்ளினார். விளக்கைப் போட்டார். ஹாரன் அடித்தார். தங்கை பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதே மறந்துவிட்டது.

"அண்ணா."

திடுக்கிட்டு ரிமோட்டைத் தாழ்த்தினார்.

"அண்ணி போன் பண்ணப்போ நான் வேலையில இருந்தேன். எக்ஸ்ரே ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். வெளியில நோயாளி காத்துக்கிட்டிருக்காரு, நான் உள்ளே அழறேன்" என்று சொல்லித் தங்கை லேசாகச் சிரித்தாள். "நீயா வாயைத் திறந்து மன்னிப்புக் கேக்குற ஆளு இல்லை. எனக்குத் தெரியாதா உன்னை? இந்தப் படகுதான் உன் மன்னிப்புன்னு எடுத்துக்கிட்டேன். போதும் அண்ணா. அது தீர்ந்தது."

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். தலையை ஆட்டியிருந்தால் விஷயம் சுபமாக முடிந்திருக்கும். ஆனால் அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. ஒன்றரை வருடம் அவள் சுமந்ததை, அவர் தொட்டியில் விளையாடிய ஒரு பொம்மையை நம்பி இறக்கி வைக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை.

"இது வாலுவுக்கு வாங்கலைம்மா."

"என்ன?"

"எனக்கு வாங்கினேன். ஆசைப்பட்டு வாங்கிட்டேன். உங்க அண்ணி கேட்டதும் சொல்ல வெக்கமா இருந்துச்சு. வாயில வந்தது வாலு பேரு. அவளுக்குப் பிறந்தநாள்னு எனக்கு ஞாபகம் இருந்தது நிஜம். ஆனா அவளுக்காக நான் எதுவும் வாங்கலை. உனக்காகவும் வாங்கலை."

தங்கையின் முகம் செத்துப்போனது.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் பேசினது தப்பு" என்றார் அவர். இத்தனை நாள் தொண்டையில் நின்றது, இப்போது மட்டும் சுலபமாக வந்தது. அதுவே அவருக்கு அவமானமாக இருந்தது. "பெரிய தப்பு. மன்னிச்சுக்கோ."

"காலையிலேயே ஆம்புலன்ஸ் கூப்பிடப் போன் எடுத்தேன்" என்றாள் அவள், அவர் பக்கம் திரும்பாமல். "அப்பாதான் வேண்டாம்னாரு. 'சாயங்காலம் உங்கண்ணன் வர்றேன்னு சொல்லியிருக்கான், ரெண்டு வாரமா வரலை. ஆஸ்பத்திரியில படுத்துட்டா அவனை உள்ளே விடமாட்டாங்க. அவனைப் பார்த்துட்டு அப்புறம் போலாம்'னாரு. நாலு மணி வரைக்கும் அதையேதான் சொன்னாரு."

அவர் ரிமோட்டைப் பெஞ்சில் வைத்தார்.

"இதை ஏன் அன்னிக்கே சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? சொன்னா நீ தாங்குவியா?" அவள் குரல் உடைந்தது. "இன்னிக்கும் சொல்லியிருக்கக் கூடாது. கோவத்துல சொல்லிட்டேன்."

அதற்குள் வாலு இரண்டு கையிலும் ஐஸ்கிரீமோடு ஓடி வந்தாள். ஒன்று மாமாவுக்கு. அவர் வாங்கிக்கொண்டார். அது உருகி மணிக்கட்டு வரை வழிந்தும் அவர் வாயில் வைக்கவில்லை. தங்கை பிள்ளையின் கையைப் பிடித்து எழுந்தாள். "படகு உன்கிட்டயே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். வாலு அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அவள் வழி நெடுகக் கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னார். படகு வாங்கியதற்கு அவள் கோபப்படவில்லை.

"ஆசைப்பட்டா வாங்கிக்கோங்க, நானா வேண்டாம்னேன்? ஆனா நான் என் வாயால அவகிட்டப் போன் பண்ணி, உங்கண்ணன் மனசு மாறிட்டாருன்னு சொன்னேனே. என்னையும் பொய் சொல்ல வச்சுட்டீங்களே."

"கடையில திருப்பிக் கொடுத்துடறேன்."

"கொடுத்தா? சரியாயிடுமா?"

அவள் உள்ளே போய் வாஷிங் மெஷினடியிலிருந்த பேசினை எடுத்து ஊற்றிவிட்டு வந்தாள். மறுநாள் அவரே மெஷினைச் சாய்த்துப் போட்டு, விரிசல் விட்டிருந்த குழாயை மாற்றினார். அரை மணி நேர வேலை. இதையா இத்தனை மாதம் தள்ளிப்போட்டோம் என்று நினைத்தபோது கை ஒரு நிமிடம் நின்றுவிட்டது.

வேலையில் இருக்கும்போதெல்லாம் அப்பா சொன்னதாகத் தங்கை சொன்ன வார்த்தைகள் காதில் விழுந்தன. ரெண்டு வாரமா வரலை. அந்த இரண்டு வாரமும் தலைக்கு மேல் வேலை என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார். யோசித்துப் பார்த்தால், அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்கத் தூங்கியதுதான் ஞாபகம் வந்தது.

மூன்று வாரம் கழித்துத் தங்கையே கூப்பிட்டாள். குரல் சாதாரணமாக இருந்தது, கொஞ்சம் களைப்பாகவும்.

"அண்ணா, ஒரு ஸ்பேனர் எடுத்துட்டு வீட்டுக்கு வர்றியா? அப்பா கட்டிலைக் கழட்டணும். வாலுவுக்கு அந்த ரூம்ல மேசை போடணும்."

"இன்னுமா அது கிடக்கு?"

"நீ ஒரு தடவை வந்து பார்க்கட்டும்னு விட்டுவச்சிருந்தேன். நீ வரலை."

அவர் அன்றைக்கே மனைவியோடு போனார். அது ஆஸ்பத்திரிக் கட்டில். தலைப்பக்கம் உயர்த்துவதற்குக் கைப்பிடி வைத்தது. மெத்தையை எடுத்துவிட்டிருந்தார்கள். அப்பா பிடித்து எழுந்திருக்கும் கம்பியில் மட்டும் வண்ணம் தேய்ந்து இரும்பு பளபளத்தது. அவர் அந்த இடத்தில் கையை வைத்தார். தங்கை கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறுதல் சொல்ல வரவில்லை. போகவும் இல்லை.

போல்ட்டுகள் துருவேறியிருந்தன. எண்ணெய் விட்டு ஒவ்வொன்றாகத் திருகினார். கடைசிப் போல்ட் அசையவே இல்லை. தங்கை உள்ளே வந்து மண்டியிட்டு, சட்டத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இப்போ திருப்பு."

அவர் முழு பலத்தோடு திருப்பினார். கிறீச்சென்று அது கழன்றது. பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி, படியில் கவனமாகக் காலை வைத்து இறங்கினார்கள். முன்னால் போன அவரைப் பார்த்து, "மெதுவா, சுவர்ல இடிக்காதே" என்று தங்கை சொல்லிக்கொண்டே வந்தாள்.