அண்ணன் தன் கையால் அடித்த சுத்தியல்

அந்தப் பட்டறைக்கு வருகிறவர்கள் இரும்புக் கேட் செய்யச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், அண்ணன் தன் சுத்தியலைத் தானே அடித்துச் செய்த கதையைக் கேட்காமல் வாசலைத் தாண்ட முடியாது. இருபத்திரண்டு வயதில், தன்னந்தனியாக, மூன்றே நாளில் செய்தாராம். கதை நடக்கும்போது சுத்தியல் அவர் உள்ளங்கையில் பச்சைக் குழந்தை மாதிரி படுத்திருக்கும். அதன் பக்கவாட்டில் ஓரிடம் மட்டும் மழமழவென்று தேய்ந்திருக்கும். "என் கட்டைவிரல் பட்டுப் பட்டுத் தேஞ்ச இடம்" என்பார். இரும்பையே தேய்க்கிற அந்தக் கட்டைவிரல் வீட்டில் ஒரு நாளும் ஒரு தட்டைத் தேய்த்ததில்லை.

பாப்பாவுக்கு அந்தக் கதை கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பாப்பா என்றதும் தொட்டிலைத் தேட வேண்டாம். அண்ணனின் ஒரே தங்கை, வயது நாற்பத்தொன்று, கிட்டப் பார்வைக்கும் எட்டப் பார்வைக்கும் சேர்த்துக் கண்ணாடி. பதினெட்டு வருடமாக இங்கே அரம் போடுகிறாள், பிசிறு எடுக்கிறாள், பெயின்ட் அடிக்கிறாள், உலைக்குப் புளோயர் போடுகிறாள். பழுத்த கம்பியைப் பட்டடைக்கல்லில் வைத்து அடிப்பதைத் தவிர மற்ற எல்லாம் அவள்தான்.

அதற்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அப்பா காலத்திலிருந்தே அங்கே இரண்டு சட்டம். தன் சுத்தியலைத் தானே செய்யாதவர் கல்லின் முன்னால் நிற்கக் கூடாது. ஒருவர் சுத்தியலை இன்னொருவர் தொடக் கூடாது. சுத்தியல் செய்ய முதலில் ஒரு சுத்தியல் வேண்டுமே, அதை யாரும் தர மாட்டார்களே என்று கேட்டால், அதெல்லாம் கேட்கிறவர்களுக்குத் தொழில் வராது என்பார் அண்ணன். அவருக்கு வேண்டப்பட்டவர் வந்தால் மட்டும் இரண்டாவது சட்டம் அன்றைக்கு லீவு போட்டுவிடும்.

பட்டறையில் இரண்டு கல். இரண்டாவது கல்லில் அடித்துக்கொண்டிருந்தவர் முதுகு வலி தாங்காமல் வேலையை விட்டுப் போனார். கல் காலியாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அண்ணியின் தம்பிக்கு இரும்பின் மேல் திடீரென்று காதல் பிறந்துவிட்டது. அதற்கு முன் அவர் மீன் தொட்டி விற்றார், அதற்கும் முன் செல்போன் உறை விற்றார். இரண்டு கடையும் அவர் மூஞ்சியைப் பார்த்தே மூடிக்கொண்டன. ஒரு நாள் டீ குடிக்கும்போது அண்ணன் அறிவித்தார்.

"மச்சான் அடுத்த மாசம் சுத்தியல் செய்யட்டும். அந்தக் கல்லு அவருக்குத்தான்."

பாப்பா அரத்தைக் கீழே வைத்தாள். பதினெட்டு வருடமாக மற்றவர்கள் அடித்ததை அவள் தேய்த்துத் தேய்த்துச் சரி செய்திருக்கிறாள். எந்த அடி அவசரத்தில் விழுந்தது, எந்த அடி ஆறின இரும்பில் விழுந்தது என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவாள். அந்தக் கல் அவளுக்கு வேண்டும். இதுவரை வாய் திறந்து கேட்டதில்லை, அவ்வளவுதான்.

"நான் செஞ்சா, கல்லு எனக்கா?"

அண்ணன் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறியது. "நீயா பாப்பா? தாராளமா செய். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே. ஆனா யார் சுத்தியலையும் தொடக் கூடாது, தெரியுமில்ல?"

மச்சினனும் சிரித்தார். எதற்கென்று அவருக்கே தெரியாது. பட்டறையில் பற்றவைப்பு வேலை பார்க்கிற வெல்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பேசுவதும் குறைவு, சிரிப்பதும் குறைவு.

அடுத்த விடுமுறை நாளில் பாப்பா பழைய லாரி அச்சிலிருந்து அறுத்த ஒரு துண்டை வெல்டரிடம் கொடுத்து, அதை ஒரு குழாயின் முனையில் ஒட்டித் தரச் சொன்னாள்.

"இது என்னம்மா?"

"உங்களுக்கு எப்படித் தெரியுது?"

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "சுத்தியல் மாதிரி இல்ல" என்று சொல்லி ஒட்டிக் கொடுத்தார். சட்டம் சுத்தியலைப் பற்றித்தானே பேசுகிறது. இது வெறும் குண்டாந்தடி. இதை எடுத்து அடிப்பதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே வரவில்லை.

அச்சின் இன்னொரு துண்டை உலையில் போட்டாள். சுத்தியலில் கஷ்டமே பிடி நுழைகிற ஓட்டைதான். அதைக் கண் என்பார்கள். ஒரு கை இரும்பைக் கவ்விய குறட்டைப் பிடிக்க வேண்டும், ஒரு கை உளியைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை அடிக்க வேண்டும். அண்ணன் தன்னந்தனியாகச் செய்தபோது மூன்றாவது கை எங்கிருந்து முளைத்தது என்பது கதையில் வராது. பாப்பா குறட்டின் காலைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டாள். இரண்டு அடி அடித்தால் உளி பழுத்துவிடும், எடுத்துத் தண்ணீரில் நனைக்க வேண்டும். ஓட்டையில் ஒரு சிட்டிகை கரித்தூள் போட வேண்டும், இல்லாவிட்டால் உளி உள்ளேயே குடித்தனம் நடத்தத் தொடங்கிவிடும். பாதி வரை இந்தப் பக்கம் இறக்கி, பிறகு புரட்டிப் போட்டு அந்தப் பக்கத்திலிருந்து இறக்கினாள். நாலு மணி நேரத்தில் புடவையில் ஆறு பொத்தல். இரும்பில் ஒன்று.

கடைசியில் ஆசை அவசரப்பட்டது. முழுச் சுத்தியலையும் பழுக்கக் காய்ச்சித் தொட்டித் தண்ணீரில் அப்படியே போட்டாள். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். எடுத்துப் பார்த்தால் கண்ணின் ஓரத்தில் முடி அளவு விரிசல். அடிக்கிற முகத்துக்குத்தான் கெட்டி வேண்டும், நடுவில் இரும்பு மெத்தென்றே இருக்க வேண்டும். இது அவளுக்குத் தெரியும். அடுத்தவர் செய்யும்போது நன்றாகவே தெரிந்திருந்தது. உட்கார்ந்து ஐந்து நிமிடம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு அச்சில் இன்னொரு துண்டு அறுத்தாள்.

மூன்று விடுமுறை நாள் போனது. நாலாவது நாள் இரண்டு முகத்தையும் தனித்தனியாகத் தண்ணீரில் தோய்த்து எடுத்தாள். சத்தம் எதுவும் வரவில்லை.

மறுநாள் டீ நேரத்தில், பிடி போட்டு ஆப்பு இறக்கிய சுத்தியலை அண்ணன் முன்னால் வைத்தாள். அண்ணன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை தேடினார். மச்சினனும் எட்டிப் பார்த்து, தொழில் தெரிந்தவர் மாதிரி உச்சுக் கொட்டினார்.

"கண்ணு ஒரு நூல் சாய்ஞ்சிருக்கு" என்றார் அண்ணன் கடைசியில், புதையல் கிடைத்த குரலில். "இது சுத்தியல் இல்ல பாப்பா. கையால அடிச்ச சுத்தியல் எப்படி விழணும் தெரியுமா? இங்க பாரு."

தன் சுத்தியலை எடுத்தார். கல்லின் மேல் கிடந்த கம்பியை நோக்கி ஓங்கி ஒரு போடு போட்டார். மூன்று மாதமாக மழையில்லை, பிடி காய்ந்து இளைத்திருந்தது. வெறும் பிடி மட்டும் அண்ணன் கையில் நின்றது. இரும்புத் தலை காற்றில் பறந்து, பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து, உருண்டு போய் பாப்பாவின் காலடியில் நின்றது.

அவள் குனிந்து எடுத்தாள்.

"தொடாத!" என்று கத்தினார் அண்ணன்.

அதற்குள் அவள் சுத்தியலின் கண்ணுக்குள் பார்த்துவிட்டாள். இரண்டு பக்கமிருந்தும் உளி இறக்கின கண் நடுவில் கொஞ்சம் குறுகியிருக்கும். இது குழாய் மாதிரி நேராக இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. உள்ளே சுவர் முழுக்க, பிடியின் மறைவில் இத்தனை வருடம் பத்திரமாக, நீல பெயின்ட் பளபளத்தது. பெட்டி பெட்டியாகக் கடைக்கு வருகிற சுத்தியலுக்குக் கம்பெனிக்காரன் அடிக்கிற அதே நீலம். கட்டைவிரல் தேய்த்த இடத்தில் முன்பு என்ன முத்திரை இருந்திருக்கும் என்பதும் அவளுக்கு விளங்கிவிட்டது.

அண்ணனைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. மச்சினன் கவிழ்ந்த டப்பாவை நிமிர்த்திக்கொண்டிருந்தார், வெல்டர் தூரத்தில் நின்றார். பார்த்தது அவள் ஒருத்திதான்.

"பாப்பா" என்றார் அண்ணன். அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. "யோசிச்சுப் பாத்தா... ஒரு நூல்தானே. அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. அந்தக் கல்லை நீயே எடுத்துக்கோ. இன்னைக்கே எடுத்துக்கோ."

"மாமா!" என்றார் மச்சினன்.

"நீ சும்மா இருய்யா."

பதினெட்டு வருடமாகக் காத்திருந்த கல் கைக்கு வந்துவிட்டது. பாப்பாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. தனக்கு அடிக்க வராது என்பதால் அண்ணன் ஒதுக்கி வைத்திருக்கிறார் என்று பல நாள் நம்பியிருக்கிறாள். இன்றைக்குப் பார்த்தால், சுத்தியல் செய்ய வராமல் போனது அவருக்குத்தான். இப்போதும் அவள் சுத்தியலுக்காக அவர் கல்லைக் கொடுக்கவில்லை. வாயை மூடிக்கொள்ளக் கொடுக்கிறார்.

இரும்புத் தலையை அண்ணன் உள்ளங்கையில் வைத்து, கண் தெரியாதபடி அவர் விரல்களை மடக்கினாள். "இதைப் பாத்துட்டு எனக்கு ஒண்ணும் குடுக்க வேண்டாம். இதைப் பத்தி நான் யார்கிட்டயும் பேசப் போறதில்ல, அதுக்கும் கூலி வேண்டாம்." தன் சுத்தியலை எடுத்து நீட்டினாள். "இதைப் பாத்துக் குடு. அடிச்சுப் பாரு. நல்லா இல்லைன்னா இல்லைன்னு சொல்லு, நான் போய் அரம் போடறேன்."

அண்ணன் தயங்கினார். பிறகு வாங்கிக்கொண்டார். வெல்டர் உலையிலிருந்து பழுத்த கம்பியைக் குறட்டில் எடுத்துவந்து கல்லின் மேல் பிடித்தார்.

முதல் அடியை அண்ணன் சந்தேகத்தோடு அடித்தார். இரண்டாவது அடியில் கை தானாக இறங்கியது. மூன்றாவதில் அவர் புருவம் ஏறியது. கம்பி சொன்ன இடத்தில் வளைந்தது. கம்பி ஆறி, மறுபடியும் உலைக்குப் போய் வந்தது. அண்ணன் அடித்துக்கொண்டே இருந்தார். நுனி சுருண்டு முழு வளையமாகியும் நிறுத்தவில்லை. யாரும் ஒன்றும் கேட்காமலே, யாரையும் பார்க்காமலே, "எனக்கு இப்படி வரலை பாப்பா" என்றார். "ரெண்டு தடவை செஞ்சேன். ரெண்டும் வெடிச்சுப் போச்சு."

மச்சினனுக்கு ஒன்றும் புரியவில்லை. பாப்பாவுக்குப் புரிந்தது. கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் அண்ணன் இன்னொரு கம்பியைக் கொண்டுவரச் சொல்லி வெல்டருக்குக் கை காட்டுவதைப் பார்த்ததும் அந்தப் பாவம் பறந்துவிட்டது.

அவள் கையை நீட்டினாள்.

"குடுண்ணா. எனக்கு வேலை இருக்கு."