ஒற்றைக் கதவு வீடு

அக்காவுக்கும் அத்தானுக்கும் வீடு கட்டிக்கொடுத்தபோது அவனுக்கு முப்பத்தாறு வயது. கட்டடக் கலைஞன் என்று பெயர்ப்பலகை மாட்டியிருந்தானே ஒழிய, அதுவரை கட்டியது இரண்டு கடைகளும் ஒரு பல் மருத்துவமனையும்தான். அந்த மருத்துவமனையும் அத்தானுடையது.

"உன் இஷ்டத்துக்குக் கட்டு மாப்ள. நாங்க ரெண்டே பேரு. எங்களுக்குள்ள மறைக்க என்ன இருக்கு?" என்றார் அத்தான். பிடித்துக்கொள்ள அவனுக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

உள்ளே சுவரே இல்லாமல் கட்டினான். நீளமான கான்கிரீட் கூரை, அதன் கீழே ஒரே கூடம். படுக்கை நான்கு படி உயரத்தில் ஒரு மேடைமேல், உட்காரும் இடம் இரண்டு படி இறங்கிப் பள்ளத்தில். குளியலறைக்கு நெஞ்சு உயரத்தில் வளைந்து போகும் மரத்தடுப்பு மட்டும். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்கப்பால் தோட்டம். மொத்த வீட்டுக்கும் கதவு என்று பார்த்தால் வாசலில் ஒன்றுதான்.

வந்து பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அத்தானுக்கு ஒரே பெருமை. "ஆயுசு முழுக்க ஊராரை வாயைத் திறங்க, வாயைத் திறங்கன்னேன். என் மச்சினன் என்னையே திறந்து வெச்சுட்டான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஆறு வருடம் அந்த வீட்டில் குறையில்லாமல் இருந்தார்கள்.

ஏழாவது வருடம் அத்தானுக்கு முதுகுத்தண்டில் கோளாறு. முதலில் கால் போயிற்று. பிறகு சிறுநீர் அவர் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனதால், குழாய் வைத்துக் கட்டிலோரத்தில் பை மாட்டினார்கள். மேடைக்கு ஏற முடியாதவரைக் கூடத்தின் நடுவே படுக்க வைத்தார்கள். வாசல் கதவைத் திறந்தால் முதலில் தெரிவது அந்தப் பைதான். பழைய நோயாளிகள் நலம் விசாரிக்க வந்தால் அத்தான் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொள்வார். கடைசியில் அக்கா கயிறு கட்டி இரண்டு போர்வைகளைத் தொங்கவிட்டாள்.

பிறகு தம்பிக்குப் போன் செய்தாள்.

"ஒரு அறை மட்டும் தடுத்துக் குடுப்பா. கதவு வெச்ச அறை. நான் துடைச்சு விடும்போதெல்லாம் அவரு கண்ணை இறுக்கி மூடிக்கறாரு. எனக்கும் அழணும்னா தோட்டத்துக்குத்தான் போகவேண்டியிருக்கு. அங்க நின்னாலும் கண்ணாடியில தெரியுது."

"செய்யலாம்க்கா. ரெண்டு மாசம் பொறுத்துக்க" என்றான்.

ஏன் இரண்டு மாதம் என்பதை மென்று விழுங்கினான். நாற்பது நாடுகளின் புது வீடுகளைச் சேர்த்து ஒரு பெரிய புத்தகம் வரவிருந்தது. அதில் இந்த வீட்டுக்கு எட்டுப் பக்கம். நடுவில் ஒரு சுவர் எழுந்தால் அந்த எட்டுப் பக்கமும் போய்விடும்.

புத்தகத்துக்காகப் படமெடுக்க ஆள் வந்த அன்று போர்வைகளை அவனே கழற்றி மடித்து வைத்தான். கட்டிலை வெளியே பின்பக்கம் தள்ளினார்கள். அத்தானைத் தூக்கித் தெருவில் நின்ற காரின் பின்சீட்டில் உட்கார வைத்தான்.

"ஒரு மணி நேரம்தான் அத்தான்."

"நீ போய் வேலையைப் பாரு மாப்ள."

பின்னாலேயே வரப்போன அக்காவைப் படக்காரர் நிறுத்தினார். சமையல் மேடையருகே முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் நின்றால்தான் கூரையின் உயரம் தெரியுமாம். அக்கா தம்பியைப் பார்த்தாள். "நான் அவரைப் பாத்துக்கறேன்க்கா, நீ நில்லு" என்றான்.

அன்றைக்கென்று மேகம். வெளிச்சத்துக்காகக் காத்திருந்தார்கள். நிழல் விழும் கோணம், தரையின் பளபளப்பு, நாற்காலியை இந்தப் பக்கம் ஒரு சாண் நகர்த்து, அந்தப் பக்கம் ஒரு சாண் நகர்த்து. மூன்று மணிக்கு வெயில் வந்தபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தானைச் சுத்தமாக மறந்தே போனான்.

காரில் உட்கார வைத்து ஐந்து மணி நேரம் கழித்து அக்காதான் முதலில் ஓடினாள். பை நிரம்பிக் குழாய் பிடுங்கிக்கொண்டு, இடுப்புக்குக் கீழே எல்லாம் நனைந்து, சீட்டும் நனைந்திருந்தது. போவோர் வருவோருக்கு நாற்றம் தெரியக்கூடாது என்று அத்தான் கார்க் கண்ணாடிகளை முழுக்க ஏற்றி வைத்திருந்தார். வேர்வையில் சட்டை ஒட்டிக்கிடந்தது. பின்னாலேயே அவனும் ஓடி வந்தான்.

"படம் நல்லா வந்துச்சா மாப்ள?" என்று கேட்டார் அத்தான். குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பத்து நாள் கழித்துத் தச்சரோடு அவன் போனபோது வீடு பூட்டியிருந்தது. நாலு தெரு தள்ளி, தாழ்ந்த கூரையும் மங்கிய பச்சைச் சுண்ணாம்புமாக, இரண்டே அறை கொண்ட வாடகை வீட்டில் இருந்தார்கள். முன்னறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. உள்ளறைக்கு ஒட்டுப்பலகைக் கதவு.

"அளவெடுக்க ஆளைக் கூட்டிட்டு வந்துட்டேன்க்கா. பத்தே நாள்ல தடுத்துடலாம்."

"அவரு இனிமே அங்க வரமாட்டாருப்பா."

"அத்தானுக்கு என் மேல கோவமா?"

"கோவம்னா நான் பேசித் தீத்து வெச்சுடுவேன். வெட்கப்படறாரு. உன் மூஞ்சியைப் பாக்கவே வெட்கப்படறாரு."

உள்ளிருந்து யாரென்று குரல் வந்தது. தம்பி என்றாள் அக்கா. பிறகு, "கதவைச் சாத்திட்டு வா" என்றார் அத்தான். அக்கா உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழுந்தது. அவன் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். உள்ளே தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டார்கள், நடுவில் ஒருமுறை அக்கா சிரித்ததுபோல் இருந்தது. என்ன பேசினார்கள் என்று அவனுக்குக் கேட்கவில்லை.

நாலு மாதத்தில் அத்தான் அந்த அறையிலேயே போய்ச் சேர்ந்தார். அதற்குள் அவன் தன் கைக்காசில் பழைய வீட்டில் சுவர் எழுப்பி, கதவும் வைத்திருந்தான். வந்து பார் என்று கெஞ்சினான். "யாருக்குப்பா இனிமே?" என்றாள் அக்கா. வாடகை வீட்டைவிட்டு அவள் நகரவில்லை. அவன் போனால் தண்ணீர் கொடுப்பாள், சாப்பிட்டாயா என்பாள். அதற்குமேல் பேச்சு ஓடாது.

புத்தகம் வெளிவந்தது. ஒரு நாள் இளம் தம்பதி அதைத் தூக்கிக்கொண்டு அவன் அலுவலகத்துக்கு வந்து, அக்காவின் முதுகு தெரியும் பக்கத்தை விரித்து வைத்தார்கள்.

"எங்களுக்கு இதே மாதிரி வேணும் சார். நடுவுல ஒண்ணுமே இருக்கக்கூடாது."

நோய் பற்றி, வயது பற்றி, மனிதர் அழுவதற்கு ஓர் இடம் வேண்டியது பற்றி அரைமணி நேரம் பேசினான். கணவன் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "அதுக்கெல்லாம் இன்னும் எவ்வளவோ காலம் இருக்கு சார்" என்றான்.

மூன்று முறை அறைகளோடு வரைந்து அனுப்பினான். மூன்று முறையும் சுவர்களைச் சிவப்பில் அடித்துத் திருப்பி அனுப்பினார்கள். நாலாவது முறை அவன் சுவர் போடவில்லை. அடுத்த மாதம் அஸ்திவாரம் தோண்டினார்கள்.