பாவ அறிக்கையின்போது நின்றவள்

செய்யூருக்குத் தெற்கேயிருந்த அச்சிறு சபையில் ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிறு ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லும்போது சபையார் அனைவரும் முழந்தாளிடுவர். ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்பட்டவர் மட்டும் கடைசி வரிசையில் தனியே நிற்றல் வேண்டும். மற்றவர் பாவமெல்லாம் முழந்தாளுக்கடியில் மறைந்துபோக, ஒருவருடையது மட்டும் கொடிக்கம்பம்போல் நிமிர்ந்து தெரியும்.

1997ஆம் ஆண்டுக் கோடையில் அவ்வாறு நின்றவள் மேரி. அவள் மகன் ஜெரோம் அம்மை கண்டு கிடந்தபோது, சபையில் சேராமலே இருந்துவிட்ட அவள் தமக்கை பார்வதம் வேப்பிலையில் அவனைக் கிடத்தினாள். அவன் தேறியதும் மாரியம்மன் கோயிலில் கூழ் வார்த்தாள். கூழ்க்குடம் தூக்கி உடன் சென்றவள் மேரி. அது விக்கிரக ஆராதனை என்று சபையின் மூப்பர் தேவசகாயம் தீர்த்துரைத்தார். “பாவம் செய்தேன்” என்று மேரி எல்லார் முன்பும் சொல்லும்வரை, அவள் மகள் பிரிசில்லாவின் திருமணத்தைச் சபைக்கு அறிவிக்கும் ஓலை வாசிக்கப்படாது. ஓலை வாசியாமல் அச்சபையில் திருமணம் நடவாது.

சனிக்கிழமை மாலை பிரிசில்லா தாயிடம் கெஞ்சினாள். “ஒரு வார்த்த தானேம்மா. சொல்லிடேன்.”

“கூழு ஊத்துனவ நானு. நின்னுகினு கீறவ இவளா? இன்னா நாயம்டி இது?” என்று பார்வதம் குறுக்கிட்டாள். “நானே வந்து நிக்கிறேன். எனக்குத்தான் முட்டியே மடங்காதே!”

மேரி சிரித்தாளில்லை. “வுடுக்கா. சொல்லிடறேன். பொண்ணு கல்யாணம் கீது.”

மறுநாள் மாப்பிள்ளையும் அவன் தாயும் ஆராதனைக்கு வந்திருந்தனர். போதகர் ஓலையை வேதப்புத்தகத்தின்மேல் ஆயத்தமாக வைத்தார். சபையார் முழந்தாளிட்டனர், மேரி நின்றாள். இத்தனை வாரங்களும் தலைகுனிந்தே நின்றவள், இன்று சொல்லவேண்டிய சொல்லுக்காக நிமிர்ந்தாள். அப்போதுதான் முன்னிருந்த முதுகுகளையெல்லாம் கண்டாள். மூப்பரின் மருமகள் தோளில் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. அதன் சட்டை மேலேறியிருந்தது. இடுப்பில் கறுப்புக் கயிறு. கயிற்றில் செம்புத் தாயத்து.

“மேரியம்மா, சொல்லு” என்றார் தேவசகாயம்.

“சொல்ல மாட்டேன்.”

“இன்னாது?”

“புள்ள கண்ணத் தொறக்காம கெடந்தான். பயந்தேன். அக்கா கூப்ட்டா, போனேன். பெத்தவ பயந்தா அது பாவமா மூப்பரே? அப்படின்னா இங்க முட்டி போட எவ மிஞ்சுவா? நான் யாரு பேரையும் சொல்லப்போறதில்ல. பாவம்னும் சொல்லப்போறதில்ல.”

மூப்பரின் மருமகள் குழந்தையின் சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள். மேரி தன் பார்வையை வேறுபுறம் திருப்பிக்கொண்டாள்.

“அப்போ ஓலை வாசிக்க மாட்டோம்” என்றார் தேவசகாயம்.

மேரி மகளைப் பார்த்தாள். பிரிசில்லாவின் முகம் வெளுத்திருந்தது. தான் சொன்னதற்கு விலை கொடுப்பவள் அவளல்லவா என்று எண்ணினாள்; ஆயினும் சொன்னதை அவள் மாற்றவில்லை.

பிரிசில்லா மெல்ல எழுந்தாள். “வாணாம் மூப்பரே. செங்கல்பட்டு ரிஜிஸ்டர் ஆபீசுல கல்யாண நோட்டீசு ஒட்டுவாங்களாம். அதுக்கு எங்கம்மா யாரு முன்னாடியும் நிக்க வாணாம்.”

மாப்பிள்ளை தன் தாயின் முகத்தைப் பார்த்தான். அவ்வம்மையார் புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து நின்று, பிரிசில்லாவைக் கேட்டார்: “செங்கல்பட்டுக்குக் காலைல மொத பஸ்ஸு எப்போம்மா?”