லிஃப்ட்காரரின் மனைவி

அந்த எட்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட்காரரும் ஆறாவது மாடி வீட்டில் சமைப்பவளும் கணவன் மனைவி என்பது அங்கே யாருக்கும் தெரியாது. புருஷன் பொண்டாட்டி ஒரே இடத்தில் வேலை பார்த்தால் கூட்டு சேர்ந்து கைவரிசை காட்டுவார்கள் என்பது குடியிருப்போர் சங்கச் செயலாளரின் கணிப்பு. அதனால் அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். காலையில் அவள் கட்டிக்கொடுத்த டப்பாவோடு அவர் முன்னால் கிளம்புவார். கால் மணி நேரம் கழித்து அவள் வருவாள்.

வேலையாட்களுக்கு லிஃப்ட் கிடையாது. நாய்களுக்கு உண்டு. அவள் தினமும் நூற்றிருபது படி ஏறினாள். "ஊரையே ஏத்துறீங்க, உங்க வண்டியில எனக்கு மட்டும் இடமில்ல" என்று வீட்டில் கேலி செய்வாள். அவர் சிரித்து மழுப்புவார்.

ஒரு திங்கட்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவளுக்குக் கால் பிசகிவிட்டது. கணுக்கால் வீங்கி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு முதல் படியிலேயே நின்றாள். பார்த்த அவருக்கு மனசு கேட்கவில்லை.

"யாரும் இல்ல, சட்டுனு வா."

"வேணாங்க, வம்பாயிடும்."

"ஏறுடின்னா!"

நான்காவது மாடியில் லிஃப்ட் நின்றது. கதவைத் திறந்தால் செயலாளரே நிற்கிறார்.

"யாரைக் கேட்டு இவளை ஏத்தினே? உனக்கு வேண்டியவளா?"

லிஃப்ட்காரருக்குப் பள்ளிக்கூடம் போகும் இரண்டு மகள்களும் கண்முன் வந்து போனார்கள்.

"இவ யாருன்னே எனக்குத் தெரியாது சார். சொல்லச் சொல்லக் கேக்காம ஏறிட்டா."

அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆமாங்க, நான்தான் ஏறினேன்" என்றாள். மீதி இரண்டு மாடியை நொண்டியபடியே ஏறிப் போனாள். சாயங்காலம் ஆறாவது மாடி அம்மா, "செயலாளர் ஒத்தக் கால்ல நிக்கிறாரு, நான் என்ன பண்ண?" என்று சொல்லி அவளை நிறுத்திவிட்டாள்.

வீட்டில் வழக்கம்போல அவருக்குச் சோறு போட்டாள்.

"நான் வேற என்ன சொல்லட்டும்? ரெண்டு பேர் வேலையும் போயிருக்கும்."

"நீங்க சொன்னது சரிதான்."

"அப்புறம் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"சரின்னு சொல்லிட்டேனே. சாப்பிடுங்க."

சின்ன விஷயத்துக்கெல்லாம் வரிந்துகட்டிக்கொண்டு வருபவள். இன்று நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அதன்பின் பத்து நாள் பிள்ளைகள் மூலமாகத்தான் இருவருக்கும் பேச்சு.

பிறகு ஒரு பெண்கள் விடுதிச் சமையலறையில் அவளுக்கு வேலை கிடைத்தது. முதல் நாள், அவள் வேண்டாம் என்று சொல்லியும் அவர் கூடவே போனார். வாசலில் காவலாளி, "யாரும்மா இவரு?" என்று கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள், "நான் இவ வீட்டுக்காரன்" என்றார் லிஃப்ட்காரர். அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

"நேரமாச்சு, கிளம்புங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, இன்னும் சரியாகாத காலை இழுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள்.