மெழுகு வில்லையின் எடை

லாரி எடைமேடை எழுத்தரம்மாவின் சினைப்பையிலிருந்து வெட்டியெடுத்த புற்றுக்கட்டியின் துண்டு, பின்னால் சோதிப்பதற்காக மெழுகில் பதித்த அன்று ஏழு கிராம் இருந்தது. நான்காம் மாதம் முந்நூறு கிலோ. முந்நூற்றைம்பது என்று சொல்பவர்களும் உண்டு. தீப்பெட்டியை விடச் சிறிய வில்லை அது. அவருக்கு ஏற்றிய மருந்து வீணான ஒவ்வொரு முறையும் கனத்தது. முதல் மருந்தில் மருத்துவமனைக் கிடங்கின் மரத்தட்டு வளைந்தது, இரண்டாவதில் இரும்புத்தட்டு. கிடங்குக்காரர் ஆள் வைத்து அதைத் தரைக்கு இறக்கி, பதிவேட்டில் 'இடமாற்றம்' என்று எழுதினார்.

கட்டிக்குள் எந்த மரபணு பழுது என்று பார்த்து, அதற்கேற்ற மருந்தைச் சொல்லும் சோதனைக்கூடம் நான்கு தெரு தள்ளி இருந்தது. ஆனால் இரண்டு மருந்துகள் தோற்ற பிறகே அங்கே அனுப்பலாம் என்பது மருத்துவமனையின் விதி. இரண்டாவது தோற்றதாக எழுத இன்னும் மூன்று சுற்று மருந்து ஏற்ற வேண்டியது பாக்கி. அவர் வயிற்றில் நீர் கோத்து, மூச்சு பாதி பாதியாக வந்தது.

"அதுவரைக்கும் நான் இருக்கணுமே டாக்டர்?"

"ரூல்மா. நான் போட்டதில்ல."

கூட வந்த தங்கை மேசையைத் தட்டினாள். "செருப்பு விக்கிறவன்கூடக் காலைப் பார்த்துட்டுத்தான் தர்றான். நீங்க உள்ளே என்னன்னே பார்க்காம ஊத்துறீங்க!"

"கத்தாதீங்க."

"பின்ன, கொஞ்சணுமா உங்கள?"

அக்கா கத்தவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அதிக பாரம் ஏற்றிய ஒரு லாரியையும் விட்டதில்லை அவர். நேரே கிடங்குக்குப் போனார். காலையில் நான்கு பேர் தள்ளியும் நகராத வில்லையை இரண்டு விரலால் எடுத்தார். பஸ் டிக்கெட் போல வந்தது.

"கையெழுத்து வேணும்மா," என்றார் கிடங்குக்காரர்.

"இது என் வயித்துக்குள்ள வந்தப்போ யாருய்யா கையெழுத்து போட்டா?"

வில்லையை அவரே சோதனைக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். பதினெட்டாம் நாள் முடிவு வந்தது. ஒரு மரபணு, வளர் வளர் என்று கட்டியை ஓயாமல் விரட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயை அடைக்கும் மாத்திரை முதல் நாளிலிருந்தே அந்த மருத்துவமனையின் மருந்தகத்தில் இருந்திருக்கிறது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த மாத்திரையில் வயிற்று நீர் வற்றி, ஒன்பதாம் வாரம் அவர் எடைமேடைக்குத் திரும்பினார்.

அதற்குள் கிடங்கில் வேறு பெண்களின் முப்பத்தொரு வில்லைகள் கனத்திருந்தன. ஒன்று தளத்தை உடைத்துக்கொண்டு விழுந்து டாக்டரின் மேசையை நொறுக்கியது. நிர்வாகம் இரண்டு நாள் கூடிப் பேசியது. விதி அப்படியே இருக்கிறது. புதுக் கட்டட வரைபடத்தில் மெழுகுக் கிடங்கின் அடியில் மட்டும் இரட்டைத் தூண்கள் போட்டிருக்கிறார்கள்.